காய்ந்த தோலும் பதப்பட்ட தோலும்: ஃபர் பற்றி ஒரு முதல் பாடம்

டொரன்டோவில் இருக்கும் என் அக்கா மகன் போன குளிர்காலத்தில் வீடியோ காலில் ஒரு தொப்பியைக் காட்டினான். காதை மூடும் மடிப்புகளோடு, பழுப்பு நிறத்தில் புசுபுசுவென்று இருந்தது. பழைய சாமான் விற்கும் கடையில் மலிவாகக் கிடைத்ததாம். "பீவர் தோல் மாமா. பொறி வெச்சுப் பிடிச்சு, உரிச்சு, காயவெச்சுத் தைச்சிருக்காங்க, அவ்வளவுதான்" என்றான். பீவர் என்பது ஆற்றிலும் ஏரியிலும் வாழும், அடர்ந்த மயிருள்ள ஒரு கொறிக்கும் மிருகம்.

வாணியம்பாடிப் பக்கம், தோல் ஷாப்புகளின் வாசனையில் வளர்ந்தவன் நான். அவன் சொன்ன "காயவெச்சு" என்ற வார்த்தை மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் மட்டுமில்லை, ஃபர், அதாவது மயிரோடு பதனிட்ட மிருகத் தோல், வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். காயவைப்பதும் பதனிடுவதும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் கனடாவின் 350 வருட ஃபர் வியாபாரம் தலைகீழாகத்தான் புரியும். அதனால் அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கருவாடும் பறையும்

கருவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மீனில் இருக்கும் தண்ணீரை உப்பும் வெயிலும் வெளியே இழுத்துவிடுகின்றன. ஈரம் இல்லாத இடத்தில் பாக்டீரியா பெருக முடியாது. அதனால் கருவாடு மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கிறது. அதையே தண்ணீரில் ஊறப்போட்டு இரண்டு நாள் மறந்துவிட்டால் வீட்டில் இருக்க முடியாது. மீன் மீனாகவேதான் இருந்தது. அழுகுவது தள்ளிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

காய்ந்த தோலும் அப்படியே. இதற்கு நம்மிடமே நல்ல சாட்சி ஒன்று உண்டு, பறை. பறையில் கட்டியிருப்பது பதனிடாத, வெறுமனே காய்ந்த தோல். பனியோ மழையோ பட்டால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துபோகும், சத்தம் மந்தமாகும். அதனால்தான் அடிக்கும் முன் வைக்கோலையோ சருகையோ கொளுத்தி அனல் காட்டுகிறார்கள். ஈரம் போனதும் தோல் விறைத்து, கணீரென்று பேசுகிறது. வாத்தியத்துக்கு இந்த விறைப்பு வரம். தலையில் போடும் தொப்பிக்கும் உடம்பில் போடும் கோட்டுக்கும் இது ஆகாது. காய்ந்தால் பலகை, நனைந்தால் பிசுபிசுப்பு, அப்புறம் அழுகல்.

காயவைப்பது கெடுவதைத் தள்ளிப்போடுகிறது, தோலை மாற்றுவதில்லை. இதுவரை இவ்வளவு போதும்.

தோலுக்குள் இருக்கும் கயிறு

தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளை ஒன்றாக முறுக்கிய கயிறு போன்றது அது. அப்படிப்பட்ட கோடிக்கணக்கான கயிறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடப்பதுதான் தோல். உயிருள்ள உடம்பில் இந்தக் கயிறுகளுக்கு நடுவே தண்ணீர் இருக்கிறது. அதனால் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகின்றன, தோல் வளைந்து கொடுக்கிறது.

தண்ணீர் போனதும் கயிறுகள் நெருங்கிப் பசை போல ஒட்டிக்கொள்கின்றன. உவமைக்குச் சொல்லவில்லை. தச்சர்கள் முன்பு காய்ச்சிப் பூசிய வஜ்ஜிரப் பசை, தோல் துண்டுகளை வேகவைத்து எடுத்த இதே கொலாஜன்தான்.

இப்போது பதனிடுதல் என்றால் என்ன என்று சொல்லிவிடலாம். கொலாஜன் கயிறுகளுக்கு இடையே வேறொரு பொருளைப் புகுத்தி, அதைப் புரதத்தோடு பிணைப்பதுதான் பதனிடுதல். அந்தப் பொருள் நடுவில் உட்கார்ந்துவிட்டால், காய்ந்தாலும் கயிறுகள் முழுசாக ஒட்டிக்கொள்ளாது. பாக்டீரியாவுக்கும் அந்தப் புரதத்தைக் கடித்துக் கரைப்பது கஷ்டமாகிவிடும்.

புகுத்தும் பொருள் எது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். கொட்டைப்பாக்கை மென்றால் வாய் வறண்டு நாக்கு இழுத்துப் பிடிக்கிறது இல்லையா? பாக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துத் திரட்டுவதால் வருவது அது. அதே பிடியை ஒரு தோல் முழுக்க நடத்தினால் பதனிடுதல். நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலுக்குப் போனது இந்தத் துவர்ப்புக்காக.

குரோமியம் உப்பு வந்த பிறகு வேலை வேகமானது. குரோம் தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க, ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். பச்சைத் தோல் ஏறக்குறைய 60 டிகிரி சூட்டிலேயே சுருண்டு அப்பளம் பொரிந்த மாதிரி சிறுத்துவிடும். நன்றாகப் பதப்பட்ட குரோம் தோல் கொதிநீரிலும் போட்ட அளவிலேயே கிடக்கும். சின்ன வயதில் இந்தச் சோதனையைப் பார்த்தவர்களுக்குக் காய்ந்த தோல் எது, பதப்பட்ட தோல் எது என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மயிர் எதிரியா, சரக்கா?

இங்கேதான் ஃபர் வேறு பாதையில் போகிறது. செருப்புக்கும் பைக்கும் தோல் செய்யும்போது முதல் வேலை மயிரை எடுப்பது. சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டால் வேர்ப்பகுதி தளர்ந்து மயிர் கழன்று வரும். ஃபர் வேலையில் மயிர்தான் சரக்கு, தோல் அதைப் பிடித்து வைத்திருக்கும் துணி. அதனால் சுண்ணாம்புக்கு அங்கே இடமில்லை. ஒரு நாள் கவனக்குறைவே சுண்ணாம்பின் வேலையைச் செய்துவிடும். உரித்த தோலைச் சூடான இடத்தில் சுருட்டிப் போட்டால், பாக்டீரியா முதலில் தாக்குவது மயிர்க்கால்களைத்தான். தோல் பார்க்க நன்றாகவே இருக்கும். பதனிட்டு முடித்து மேலே கையை ஓட்டினால் கொத்துக் கொத்தாக மயிர் கையோடு வரும். அதற்கு மருந்தே கிடையாது.

மயிரிலும் இரண்டு அடுக்கு உண்டு. வெளியே நீளமாக, முரடாக, பளபளப்பாக இருப்பது காவல் மயிர். மழையையும் பனியையும் தள்ளிவிடுவது அதன் வேலை. அதற்குக் கீழே பஞ்சு போல நெருக்கமாக இருப்பது அடிமயிர். குளிரைத் தடுப்பது இதுதான், அதாவது இது பிடித்து வைத்திருக்கும் காற்றுதான். பீவருக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்தாயிரத்துக்கும் மேல் மயிர் இருக்கும். நம் தலையில் அதே இடத்தில் சுமார் 200.

ஏன் குளிர்காலத்தில் மட்டும் பிடிக்கிறார்கள்?

குளிர் நெருங்கும்போது அடிமயிர் அடர்த்தியாகிறது. ஆனால் ஒரு தோல் முற்றியதா இல்லையா என்று அனுபவசாலிகள் மயிரைத் தடவி மட்டும் சொல்வதில்லை. தோலைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். மயிர் வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில் மயிர்க்கால்களில் நிறமி நிறைந்திருக்கும், அது தோலின் உள்பக்கத்தில் நீலமும் கருப்புமாகத் தெரியும். வளர்ச்சி முடிந்ததும் நிறமி முழுக்க மயிருக்குள் ஏறிவிடுகிறது, உள்பக்கம் வெளிறிப் பால் நிறமாகிறது. வெளிறிய தோல் முற்றிய தோல், விலை அதற்குத்தான். சீசனுக்கு முன் பிடித்த மிருகம் உயிரையும் விட்டு, வாங்க ஆளும் இல்லாமல் போகிறது. அவசரப்பட்டுப் பொறி வைப்பவன் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஒரு பீவர் தோல் எப்படி ஏலத்துக்குத் தயாராகிறது என்று பாருங்கள். வயிற்றுப் பக்கம் ஒரே நேர்கோட்டில் கீறி, தோலை விரிப்பாக எடுப்பார்கள். நரி, கீரி மாதிரி இருக்கும் மிங்க், மார்ட்டன் போன்றவற்றைப் பின்னங்கால் பக்கம் மட்டும் கீறி, சட்டைக் கையைக் கழற்றுவது போல உருவி எடுப்பார்கள். பீவரின் தோலில் கொழுப்பு அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும். சாய்த்து நிறுத்திய வழவழப்பான மரத்தின் மேல் தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த நீளக் கத்தியால் தள்ளித் தள்ளிச் சுரண்ட வேண்டும். கொழுப்பு மிச்சமிருந்தால் சிக்குவாடை வந்து தோல் வெந்ததுபோல ஆகும். அழுத்திச் சுரண்டினால் கத்தி மயிர்க்கால்களை வெட்டிவிடும், அந்த இடத்தில் மயிர் நிற்காது. நல்ல கை உள்ளவன் கத்தியின் சத்தத்தை வைத்தே எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிடுவான். அப்புறம் பலகையில் நீள்வட்டமாக விரித்து, ஓரம் முழுக்க நெருக்கமாக ஆணி அடித்து, நெருப்பில் காட்டாமல் காற்றோட்டத்தில் உலரவிடுவார்கள். உலர்ந்ததும் நீளத்தையும் அகலத்தையும் அளந்து கூட்டினால் அதுதான் பீவரின் அளவு.

இந்த நிலையில் கையில் இருப்பது சுத்தமான, அழகான, காய்ந்த தோல். கருவாட்டுக் கட்டம். பதனிடும் வேலை இன்னும் தொடங்கவே இல்லை.

ஊறுகாய், படிகாரம், எண்ணெய்

பதனிடும் இடத்துக்கு வந்ததும் தோலை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பச்சைத் தோல் நிலைக்குக் கொண்டு வருவார்கள். பிறகு பிக்கிள். நம் தோல் ஷாப்பிலும் இதற்கு அதே பெயர்தான். ஊறுகாய் ஜாடியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான், அமிலமும் உப்பும் சேர்ந்த கரைசல். அமிலம் கொலாஜன் கயிறுகளைப் பிரித்துக் கொடுக்கிறது, பாக்டீரியாவைத் தடுக்கிறது. அமிலம் மட்டும் இருந்தால் தோல் தண்ணீரைக் குடித்து ஜவ்வாக உப்பிவிடும். அதை உப்பு அடக்கி வைக்கிறது.

அடுத்தது படிகாரம். சலூனில் ஷேவிங் முடிந்ததும் கன்னத்தில் தேய்ப்பார்களே, அதேதான். அதிலுள்ள அலுமினியம் புரதத்தைப் பிடித்து இறுக்குகிறது. ஃபருக்குப் படிகாரம் பிடித்துப்போகக் காரணம் உண்டு. தோலை வெள்ளையாகவும் இலேசாகவும் வைக்கும், மயிரின் நிறத்தைக் கெடுக்காது. ஆவாரம்பட்டை போன்ற துவர்ப்புச் சாறில் போட்டால் தோல் கனக்கும், கருக்கும். ஒரு குறை மட்டும் உண்டு: படிகாரத்தின் பிடி தளர்ச்சியானது. நன்றாக நனைந்தால் அது கரைந்து வெளியேறும், தோல் திரும்பவும் பச்சைத் தோலின் குணத்துக்குப் போகும். அதனால் படிகாரத் தோலை முழுப் பதனிடுதலில் சேர்க்காத நிபுணர்களும் இருக்கிறார்கள். இன்றைய தொழிற்சாலைகள் வேறு உப்புகளையும் செயற்கைப் பொருள்களையும் கலந்து இந்தக் குறையைச் சமாளிக்கின்றன.

பிறகு எண்ணெய். உள்பக்கத்தில் தடவி ஊறவிட்டால் கயிறுகளுக்கு நடுவே வழவழப்பு நிற்கும். தோல் பாதி காய்ந்து பாதி ஈரமாக இருக்கும்போது, மழுங்கிய விளிம்பு ஒன்றின் மேல் போட்டு இழுத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். கஞ்சி போட்டுக் காய்ந்த வேட்டியைக் கசக்கினால் இளகுவது போல, ஒட்டப் பார்க்கும் கயிறுகளை ஒட்டவிடாமல் பிரிக்கும் வேலை இது. வீட்டில் செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். மருந்தெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, தேய்க்க வேண்டிய அந்தச் சில மணி நேரத்தில் தூங்கப் போய்விடுவார்கள். கடைசியாக மரத்தூள் நிரப்பிய பெரிய உருளையில் போட்டுச் சுழற்றினால் மயிரில் ஒட்டிய எண்ணெயைத் தூள் உறிஞ்சிவிடும், மயிர் தூக்கி நிற்கும்.

கனடாவின் கிரீ, டெனே பழங்குடி மக்களுக்கு இதைவிடப் பழைய வழி ஒன்று தெரியும். மிருகத்தின் மூளையையே அரைத்துத் தோலில் தேய்ப்பார்கள். அதன் கொழுப்பு தண்ணீரோடு நன்றாகக் கலக்கும் வகை, அதனால் தோலின் ஆழம்வரை இறங்கும். பிறகு மக்கிய மரத்தை எரித்து மூட்டம் போடுவார்கள். புகையிலுள்ள ஆல்டிஹைடு என்ற பொருள்கள் கொலாஜனைப் பிணைக்கின்றன. மூட்டம் போட்ட தோல் நனைந்து காய்ந்தாலும் இளக்கமாகவே இருக்கும். பெரும்பாலும் மூஸ், கரிபூ மான்களின் மயிர் எடுத்த தோலுக்கு இதைச் செய்தார்கள். வேதியியல் பெயர் தெரியாமலே படிகாரத்தைவிட உறுதியான பிடியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

சரி, ஒரு மூச்சில் சொன்னால்: பிக்கிள் கயிறுகளைப் பிரிக்கிறது, படிகாரமோ புகையோ நடுவில் பிணைகிறது, எண்ணெய் வழுக்க வைக்கிறது, தேய்ப்பது ஒட்டவிடாமல் காக்கிறது.

உடுத்திய தோலுக்கு அதிக விலை

1670 மே 2 அன்று இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், கனடாவில் ஃபர் வியாபாரம் செய்ய வந்த ஹட்சன் பே கம்பெனிக்குப் பட்டயம் கொடுத்தார். ஐரோப்பாவுக்குக் கனடாவிலிருந்து வேண்டியிருந்தது முக்கியமாகப் பீவர், அதுவும் தொப்பிக்கு. அந்தத் தொப்பியில் தோலே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அடிமயிரை மட்டும் மழித்தெடுத்து, சூட்டிலும் ஈரத்திலும் அழுத்தி அழுத்திக் கெட்டித் துணியாக்குவார்கள். இதற்கு ஃபெல்ட் என்று பெயர். எண்ணெய் வைக்காத தலைமுடியில் சிக்கு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். வேண்டுமென்றே, சீராக, அடர்த்தியாக விழவைத்த சிக்குதான் ஃபெல்ட்.

அதற்குக் காவல் மயிர் தொந்தரவு. அதை நீக்குவது அப்போது மேற்கு ஐரோப்பாவில் பெரிய வேலையாக இருந்தது. ஆனால் பழங்குடி மக்கள் உள்பக்கத்தை நன்றாகச் சுரண்டி, மயிர் உடம்பில் படும்படி போர்வையாக உடுத்திய பீவர் தோலில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆழமாக வேர்விட்ட காவல் மயிர் சுரண்டலில் அறுபட்டு, உடுத்த உடுத்த உதிர்ந்துவிடும். உடம்பு எண்ணெய் ஏறித் தோலும் இளகியிருக்கும். பிரெஞ்சு வியாபாரிகள் இதைக் கொழுப்புப் பீவர் என்றும், வெறுமனே காய்ந்ததை உலர்ந்த பீவர் என்றும் பிரித்து, உடுத்தியதற்கே கூடுதல் விலை கொடுத்தார்கள். பழைய துணிக்குப் போய் இவ்வளவு கொடுக்கிறார்களே என்று விற்றவர்கள் வியந்திருப்பார்கள்.

பின்னாளில் மயிரை எளிதாகச் சிக்கவைக்கப் பாதரச நைட்ரேட் பூசினார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த தொப்பித் தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, மனம் குழம்பியது. அமெரிக்காவில் இந்தப் பழக்கம் 1941 வரை நீடித்தது. பீவர் தொப்பியோ 1840 வாக்கிலேயே பட்டுத் தொப்பியிடம் தோற்றுவிட்டது.

விற்பவர் எதை விற்கிறார்?

பொறி வேட்டைக்காரர் அன்றும் இன்றும் பெரும்பாலும் விற்பது காய்ந்த தோலைத்தான், பதனிட்டதை இல்லை. கம்பெனி அதையே நாணயமாகக்கூட வைத்திருந்தது. முற்றிய குளிர்காலப் பீவர் தோல் ஒன்று ஒரு 'மேட் பீவர்'. துப்பாக்கி முதல் கெண்டி வரை எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்கில்தான் விலை. தோல்கள் காய்ந்தபடியே கப்பலேறின. 1672இல் லண்டனில் ஒரு காபிக் கடையில் கம்பெனியின் முதல் ஏலம் நடந்தது. பதனிடும் திறமை வேறு ஊர்களில் வளர்ந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் புரூல் தெருவும் கிரீஸின் கஸ்தோரியாவும் இந்தத் தொழிலால் பெயர் பெற்றவை.

இன்றும் ஒன்டாரியோவின் நார்த் பே நகரத்தில், வேட்டைக்காரர்களே உரிமையாளர்களாக இருக்கும் ஏல நிலையத்துக்கு வருவது காய்ந்த தோல்தான். காரணம் எளிது. ஒரு கோட்டுக்குப் பல தோல்கள் ஒரே நிறத்தில், ஒரே இளக்கத்தில் வேண்டும். வாங்குபவர் தன் ஆளிடம் ஒரே தொட்டியில் பதனிட விரும்புவார். ஒவ்வொருவரும் தன் கொட்டகையில் தனித்தனியாகப் பதனிட்டுக் கொடுத்தால் ஒன்றோடொன்று சேராது. மேலும், முற்றியதா என்று சொல்லும் உள்பக்க நிறம் காய்ந்த தோலில்தான் தெளிவாகத் தெரியும். எனவே "நானே பதனிட்டு விற்றால் கூடுதலாகக் கிடைக்கும்" என்ற எண்ணம் ஏலத்தில் செல்லாது. தனியாகச் சுற்றுலாப் பயணிக்கோ கைவினை செய்பவருக்கோ விற்றால் செல்லும்.

பொறியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. காலைக் கவ்வி மணிக்கணக்கில் மிருகத்தை வைத்திருக்கும் இரும்புப் பொறியை ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் போட்ட சட்டத்தால் தன் நாடுகளில் தடை செய்தது. அதன் தொடர்ச்சியாக 1997இல் கனடா, ரஷ்யாவோடு பொறிகளின் தரம் பற்றி ஒப்பந்தம் வந்தது. பிராங்க் கானிபேர் என்ற கனடிய வேட்டைக்காரர், தன் பொறிகளில் மிருகங்கள் பட்ட பாட்டைப் பார்த்துப் பல வருடம் உழைத்து, சட்டென்று கொல்லும் பொறியை உருவாக்கினார். 1950களின் கடைசியில் அது விற்பனைக்கு வந்தது. அதுவும் எப்போதும் குறி தவறாமல் விழும் என்று சொல்ல முடியாது. ஃபர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பவர் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கட்டத்தைப் பற்றித்தான் என்பது என் கருத்து. சந்தையும் சுருங்கி வருகிறது. இந்தியா 2017இல் மிங்க், நரி, சின்சில்லா ஃபர் இறக்குமதியைத் தடுத்தது. கலிபோர்னியாவில் புதிய ஃபர் உடை விற்பனைக்கு 2023 முதல் தடை.

அக்கா மகனின் தொப்பி

இதையெல்லாம் கேட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து அவன் மறுபடி அழைத்தான். பனியில் நனைந்த தொப்பியை இரவு முழுக்க ஹீட்டர் மேல் வைத்திருக்கிறான். மயிர் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே துணி கிழிந்த ஒரு ஓரத்தில் விரலால் தட்டிக் காட்டினான். டக் டக்கென்று சத்தம். பல வருடம் வியர்வையிலும் ஈரத்திலும் படிகாரம் கரைந்துபோன நெற்றிப் பட்டை அது. மிச்சத்தைச் சூடு முடித்துவிட்டது. இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கி, மஞ்சளாக, கண்ணாடி மாதிரி விறைத்திருந்தது.

"மாமா, இந்த இடம் மட்டும் காயவெச்ச தோல் ஆயிடுச்சு, இல்ல?" என்றான்.

ஆமாம் என்றேன். மீதித் தொப்பியை உதறி, ஹீட்டருக்குத் தூரமாக, காற்றாட ஒரு கிண்ணத்தின் மேல் கவிழ்த்து வைக்கச் சொன்னேன்.